நின்றால் மிச்சம், படுத்தால் போதாது

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் கடைக்குச் சரக்கு லாரி வந்தது. நீலத் தார்ப்பாய் கேட்டிருந்தேன், பச்சை வந்திருக்கிறது. டிரைவரோடு மல்லுக்கு நிற்கவேண்டிய நேரத்தில் நான் கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே எரிச்சல். வெளியே வந்தபோது பச்சையை இறக்கிவிட்டு லாரி போயிருந்தது.

இதை யாரும் படிக்கப்போவதில்லை. சுற்றி வளைப்பானேன். சர்க்கரை ஏறி, முன்தோல் இறுகி, பின்னால் போகாமல் ஆகிவிட்டது. போன அக்டோபரில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்ததாகத்தான் சொன்னார்கள். இப்போது பார்த்தால் பாதிக்கு மேல் மூடிக்கொண்டு, நுனியில் தழும்பு ஒரு வளையம் மாதிரி இறுகி நிற்கிறது. வெட்டிய தோல் திரும்ப வளருமா? முடி வளரும். நகம் வளரும். இதுவுமா?

வீட்டில் எல்லோர் கணக்கிலும் எனக்கு மூலம்.

ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது என்ன வியாதி என்று மனைவி கேட்டாள். வாயில் அதுதான் வந்தது. மூலம் என்றால் நாலு பேர் முன்னால் சொல்லலாம். சொந்தக்காரர்கள் பழத்தோடு வந்து, தங்கள் மூலத்தைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார்கள். போனார்கள். அன்றிலிருந்து கூடத்து சோபாவில் படுக்கிறேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மூலக்காரன் தனியாகப் படுப்பது நியாயம்தானே.

பிப்ரவரி 11, புதன்

காலையில் எரிச்சல். மாலையில் எரிச்சல். நடுவில் வியாபாரம்.

பிப்ரவரி 14, சனி

மைத்துனன் வந்தான். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். கல்லாவில் உட்கார்ந்தே பாதி டாக்டர் ஆகிவிட்டவன். கையில் ஒரு ரப்பர் தலையணை, நடுவில் ஓட்டை.

"உக்காந்து பாருங்க மாமா. சொர்க்கம்."

"நீ உக்காந்து பாத்தியா?"

"எனக்கு எதுக்கு? எங்க வம்சத்துல மூலம் கிடையாது."

சமையலறையிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "டேய், வம்சத்த இழுக்காத. உக்காருங்களேன், ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான்."

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நல்லாருக்கு என்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

அவள் எனக்காகத் தினமும் டப்பில் வெந்நீர் நிரப்பி வைக்கிறாள். பத்து நிமிஷம் உட்காருங்க என்கிறாள். நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு, டப்பின் பக்கத்தில் நின்று தண்ணீரைக் கையால் அளைந்து சத்தம் காட்டிவிட்டு வருகிறேன். இந்த வயதில் இது தேவையா எனக்கு?

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போனேன். பெரியவர், பேச்சைவிட வேகமாகக் கை போகும். படுக்கச் சொன்னார். பார்த்தார். எழச் சொன்னார். அவ்வளவுதான் பரிசோதனை.

"தோல் அளவாத்தான் இருக்கு. சர்க்கரைக்காரங்களுக்கு ஒட்ட எடுக்கக்கூடாதுன்னு கொஞ்சம் விட்டுத்தான் எடுத்தேன். உங்க அடிவயித்துக் கொழுப்பு முன்னால தள்ளுது, அதனால உறுப்பு உள்ள போகுது, தோல் அதிகமாத் தெரியுது. வயித்தக் குறைங்க. சர்க்கரையக் குறைங்க."

"தார்ப்பாய் ஒழுகுதுன்னு வந்தவன்கிட்ட மழையக் குறைங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. களிம்பு எழுதிக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் கோபம். சரக்கில் குறை என்று வந்தால் முதலில் சரக்கைத் தொட்டுப் பார்ப்பேன் நான். வாங்கியவன் வயிற்றைப் பார்க்கமாட்டேன்.

களிம்பை மைத்துனன் கடையில் வாங்க முடியுமா? மூன்று தெரு தள்ளிப் போய் வாங்கினேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

வேறு டாக்டர். சின்ன வயது, கண்ணாடி. எதையும் படம் போட்டுத்தான் சொல்வார் போலிருக்கிறது, பேனா கையை விட்டு இறங்கவே இல்லை. என்னை நிற்க வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொறுமையாகப் பார்த்தார்.

"யார் பண்ணது இது? பாதியில விட்டுட்டாங்களே."

அந்தத் தொனி எனக்குத் தெரியும். எதிர்க்கடையில் வாங்கிய தார்ப்பாயை யாராவது என்னிடம் எடுத்து வந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன்.

"நிறைய மிச்சத் தோல் இருக்கு. மறுபடி ஒரு ஆபரேஷன், ரிவிஷன்னு சொல்லுவோம், பண்ணிடலாம்."

"ரிவிஷன்னா பரீட்சைக்கு முன்னாடி பசங்க பண்றதில்ல?"

"இதுவும் அதேதான். மொத தடவ சரியாப் படிக்கல."

சிரித்தோம். ஆள் பரவாயில்லை என்று தோன்றியது. பிறகு கேட்டேன், மிச்சம் என்றால் எவ்வளவு மிச்சம்?

"பாத்தாலே தெரியுது."

"இல்ல டாக்டர், எதை விட மிச்சம்? இவ்வளவு இருந்தா சரி, அதுக்கு மேல போனா மிச்சம்னு ஒரு அளவு இருக்கணுமே."

பேனாவை மூடினார், திறந்தார். "அப்படி ஒரு அளவு கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும். சர்ஜன் கண்ணுதான் அளவு."

கண்ணளவில் வெட்டுகிறவனை நான் கடையில் வைத்துக்கொள்வதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. மார்ச் 5-க்கு நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். எரிச்சல்காரனுக்கு யோசனை ஓடாது.

பிப்ரவரி 21, சனி

மிச்சம். நாளெல்லாம் இந்த ஒரு சொல். என் தொழிலில் மிச்சம் என்றால் சந்தோஷம். செலவு போக நிற்பது மிச்சம். ரோலின் கடைசியில் கிடைக்கும் துண்டும் மிச்சம், அதைச் சும்மா கொடுத்தால் கஸ்டமர் அடுத்த தடவையும் வருவான். உடம்பில் மட்டும் மிச்சம் எப்படிக் குப்பை ஆனது?

ஒருவர் அளவாக இருக்கிறது என்கிறார். இன்னொருவர் நிறைய மிச்சம் என்கிறார். இருவரும் படித்தவர்கள். பார்த்தது ஒரே உடம்பை. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றால் நிம்மதியாக இருக்கும். பொய்யைப் பிடிக்க எனக்குத் தெரியும். இருவர் முகத்திலும் பொய் இல்லையே.

நீளமாக வெட்டிவிட்டால் மடித்துத் தைக்கலாம். குட்டையாக வெட்டிவிட்டால்?

பிப்ரவரி 24, செவ்வாய்

மானம் போனது. முழுசாக.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை என்று போனில் இதைப் பற்றி ஒரு டாக்டர் பேசும் வீடியோவைப் போட்டேன். ஏற்கெனவே நாலைந்து கேட்டாகிவிட்டது. ஒருவர் தோல் கண்ணுக்குத் தெரிந்தாலே எடுத்துவிடு என்கிறார். இன்னொருவர் தொந்தரவு இல்லாத தோலைத் தொடாதே, அழகு பார்க்க ஆபரேஷனா என்கிறார். கீழே வந்து எழுதுகிறவர்களின் சண்டை தனி. ஐந்தாவது ஆளாவது தீர்ப்புச் சொல்வாரா என்று காதில் வைத்தேன், சத்தம் வரவில்லை. கூட்டினேன். கடை வாசல் ஸ்பீக்கரில், "முன்தோல் மீண்டும் மூடிக்கொண்டதா, கவலை வேண்டாம்" என்று தெருவுக்கே கேட்டது. காலையில் பாட்டுப் போட்டுவிட்டு இணைப்பைத் துண்டிக்க மறந்திருக்கிறேன்.

துணி வெட்டுகிற இன்ச்சு (அவன் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி யாரும் பார்த்ததில்லை) தலையைத் தூக்காமல் சொன்னான். "மொதலாளி, உங்க போன் வெளியில பேசுது."

"விளம்பரம்" என்றேன்.

"இப்பல்லாம் எதெதுக்கோ விளம்பரம் போடறான்" என்று சொல்லிவிட்டு வெட்டிக்கொண்டிருந்தான். நல்லவன். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அவ்வளவு நல்லவர்கள் இல்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் அவள் களிம்பு டியூபை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். சட்டைப் பையில் இருந்ததாம். துவைக்கப் போடும்போது கிடைத்ததாம். போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறாள்.

"இது மூலத்துக்குத் தர்றது இல்லியாம்."

டியூபை எடுக்கக் கை நீட்டினேன், அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்குத் தர்றதுன்னு கேட்டேன். அவன் மென்னு முழுங்கறான். அக்கா, மாமாகிட்டயே கேளுங்கறான்." அப்புறம் ரொம்ப நேரம் டியூபின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நாலு மாசமா கூடத்துல படுக்கறீங்க. போனத் தலைகீழா வைக்கறீங்க. பாத்ரூம்ல தாழ்ப்பா போட்டுக்கறீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வேற யாராவது இருக்காங்களா?"

என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை என்று ஒரு வார்த்தை. அது போதும். நான் என்ன செஞ்சேன்? சிரிச்சேன். பயத்துல வந்த சிரிப்பு, அவளுக்கு அது எப்படித் தெரிஞ்சிருக்கும்? கடைக்கு நேரமாச்சுன்னு எழுந்து வந்துட்டேன். வந்துட்டேனே. சரக்குக்காரன், பாங்க்காரன், எவன் வந்தாலும் பேசித் தீத்துருவேன். கட்டினவகிட்ட வாய் வரல.

மத்தியானம் சாப்பாடு வந்தது. டப்பாவுக்குள் எல்லாம் சரியாக இருந்தது. பாதியை இன்ச்சுவிடம் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, சனி

சொல்லிவிட்டேன்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போர்வையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன். முகம் பார்க்காமல் பேசப் போர்வை வசதி. சர்க்கரையில் ஆரம்பித்து ஐந்தாம் தேதி ஆபரேஷன் வரை சொன்னேன். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்படியொரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

"நாலு மாசம் டப்பு டப்பா வெந்நீர் போட்டேன்."

"தெரியும்."

"உக்காந்தீங்களா அதுல?"

"இல்ல."

"அந்தத் தண்ணில துணியாவது தொவச்சிருப்பேன்." கிளிப்பை மாட்டினாள். "அதென்ன, மூலம் மட்டும் மரியாதையான எடமா?"

வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, "நான் என்னென்னவோ நெனச்சேங்க" என்றாள்.

சமாதானம் ஆகவில்லை இன்னும். சோபாதான். ஆனால் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவளும் வருகிறாளாம்.

மார்ச் 3, செவ்வாய்

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை. நான் படுக்கையில், அவள் திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனதும் பேனா டாக்டர் வந்தார். வெட்டவேண்டிய இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பார்த்தார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்து மறைந்தது.

நான் வியாபாரத்தில் பிழைத்ததே எதிராளி முகத்தில் அந்த ஒரு நொடியைப் படித்துத்தான். "என்ன டாக்டர்?"

"ஒண்ணுமில்ல. போன தடவ பாத்தத விடக் கம்மியாத் தெரியுது."

அப்போதுதான் பொறி தட்டியது. பெரியவர் என்னைப் படுக்க வைத்துப் பார்த்தார். இவர் நிற்க வைத்துப் பார்த்தார். இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு உடம்பைப் பார்த்திருக்கிறார்கள். என் கடையில் பழைய தார்ப்பாய் மறைப்புக்கு மாற்று வேண்டும் என்று யாராவது வந்தால், தொங்கவிட்டு அளக்கவே கூடாது. தொய்வும் அளவில் சேர்ந்துவிடும். கழற்றி, தரையில் விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தால்தான் அளவு. புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே இதைச் சொல்கிற நான், என் விஷயத்தில் தொங்கல் அளவுக்கு நாள் குறித்துவிட்டு வந்திருக்கிறேன்.

"டாக்டர், வயித்த உள்ள அழுத்திப் பாருங்க."

உள்ளங்கையை அடிவயிற்றில் வைத்து அழுத்தினார். எழுந்து நிற்கச் சொன்னார். பார்த்தார். மறுபடி படுக்கச் சொன்னார்.

"நின்னா மிச்சமாத் தெரியுது. படுத்து அழுத்தினா மிச்சம்னு ஒண்ணும் இல்ல. நான் நெனச்ச அளவுக்கு எடுத்தா உங்களுக்குப் பத்தாமப் போயிடும்."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. "பத்தாமப் போனா என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"வேற எடத்துலேர்ந்து தோல் எடுத்து வைக்கவேண்டி வரும்மா."

"எங்கேர்ந்து?"

"பெரும்பாலும் தொடையிலேர்ந்து."

"அப்ப எடுக்காம விட்டா தொடையாவது மிச்சம்."

டாக்டர் சிரித்துவிட்டார். மறைக்காமல் பேசினார், அதற்காக அவரை மதிக்கிறேன். "எங்களுக்குள்ளயே இதுல ஒத்துப்போறதில்ல சார். மிச்சம் தெரிஞ்சா எடுத்துடறவங்க இருக்காங்க. நானே எடுக்கற ஆளுதான். ஆனா உங்களுக்குத் தொந்தரவு தோலால இல்ல, அந்தத் தழும்பு வளையத்தால. தளர்த்தறதுக்கு வேற களிம்பு தர்றேன், ரெண்டு மாசம் போடுங்க. சர்க்கரை இறங்கணும், வயிறும் இறங்கணும். அப்பவும் வளையம் இறுக்கினா அத மட்டும் வெட்டி விடலாம். தோல எடுக்க வேண்டாம்."

ஐந்தாம் தேதியை அடித்துவிட்டார்.

மார்ச் 4, புதன்

யோசித்து வந்தேனா, பயந்து வந்தேனா? நேற்று புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இன்று காலை கழிப்பறையில் நின்றபோது வடிகட்டின கோழைத்தனமாகத் தெரிகிறது.

மார்ச் 12, வியாழன்

மோசமான நாள். தோலில் வெடிப்பு. நடக்கவே கஷ்டம். எடுத்திருந்தால் இந்நேரம் தையல் ஆறியிருக்கும், எல்லாம் முடிந்திருக்கும். "வேற டாக்டரப் பாக்கட்டுமா?" என்றேன் அவளிடம்.

"எத்தன பேரப் பாப்பீங்க? எடுக்கறேன்னு சொல்ற ஆள் கெடைக்கற வரைக்குமா?"

அதற்குத்தான் கிளம்பினேன் என்று எப்படிக் கண்டுபிடித்தாள்?

மார்ச் 29, ஞாயிறு

காலை நடையில் அவள் முன்னால், நான் பின்னால். எதிரே வருகிறவர்களெல்லாம் அவள்தான் எனக்காக நடக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். திரும்பிப் பார்த்து, "லாரி மாதிரி மூச்சு விடாதீங்க, ஊரே எழுந்துக்கும்" என்றாள். அக்டோபர் ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் என்னை நேருக்கு நேர் கிண்டல் செய்தது இன்றுதான்.

ஏப்ரல் 15, புதன்

இன்று எரிச்சல் இல்லை. எழுதிவைத்தால் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

வந்துவிட்டது. ஆனால் கொஞ்சம்தான்.

மே 12, செவ்வாய்

பேனா டாக்டர் இந்தத் தடவை சொல்லாமலே இரண்டு விதமாகவும் பார்த்தார். படுத்து ஒன்று, நின்று ஒன்று. சர்க்கரை இறங்கியிருக்கிறது. பெல்ட்டில் ஓட்டை மாறியிருக்கிறது. மிச்சம் என்று அன்று காட்டியதில் பாதி காணோம். யாரும் எதையும் வெட்டவில்லை, வயிறு உள்ளே போனது, அவ்வளவுதான். பெரியவர் சொன்னது சரி.

வளையம் மட்டும் ஒரு பக்கம் இளகவில்லை. களிம்பு அதனிடம் தோற்றுவிட்டது. அங்கே ஒரு சின்ன வெட்டு வேண்டும். இவர் சொன்னதும் சரி. வயிற்றைக் குறைத்தே எல்லாம் போய்விடும் என்று இருந்தேன். அந்தக் கணக்கு தப்பு. பயமாக இருந்தது. "சரி" என்றேன்.

மே 14, வியாழன்

முடிந்தது. வளையத்தை வெட்டித் தளர்த்தி இரண்டு தையல். தோல் எதுவும் எடுக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டபோது கண்ணில் தண்ணீர் வந்தது, அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

மாலையில் மைத்துனன் பழத்தோடு வந்து நின்றான். "என்ன மாமா, மறுபடியும் மூலமா?"

நான் தலையை ஆட்டப் போனேன். அவள் பழத்தை வாங்கிக்கொண்டே சொன்னாள். "மூலமில்லடா. முன்தோல் இறுகிப் போச்சு, சர்க்கரையால. வெட்டி விட்டிருக்காங்க. உனக்கும் சர்க்கரை இருக்கில்ல, பாத்துக்க."

மெடிக்கல் ஷாப்காரன் காது வரை சிவந்து நான் பார்த்ததில்லை. "ஆமாக்கா, அதுக்கு... அந்தக் களிம்பு அப்பவே எனக்கு..." என்று இழுத்தான்.

"தெரிஞ்சிருந்தா அக்காகிட்டச் சொல்ல வேண்டியதுதான. நான் ஒரு ராத்திரி பூரா எவளோ ஒருத்தியத் திட்டிக்கிட்டிருந்தேன்."

"யார்க்கா?"

"தெரியாது. இல்லாத ஒருத்தி. பாவம்."

மே 30, சனி

தையல் கரைந்துவிட்டது. முழுதாக நகர்கிறது. வலி இல்லை. காலையில் கழிப்பறையில் நின்று சுவரைப் பிடிக்காமல் வந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பெரியவரைப் போய்ப் பார்க்கலாமா என்று யோசனை. பார்த்து என்ன சொல்வது? நீங்கள் சொன்னது சரி, ஆனால் முழுவதும் சரியில்லை என்றா? இரண்டு டாக்டரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் இன்னும் சண்டைதான் போடுவார்கள். போடட்டும்.

கூடத்து சோபா முதுகுக்கு ஆகவில்லை. அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. கோபமா, கூச்சமா? நான்தானே நாலு மாசம் பொய்யோடு அங்கே போய்ப் படுத்தவன். நானாக எழுந்து உள்ளே போவது எந்த உரிமையில்?

ஜூன் 20, சனி

கேன்வாஸ் மில்லில் சரக்குப் பார்க்க வெளியூர். வழக்கமாகத் தனியாகத்தான் வருவேன். நேற்று பெட்டி கட்டும்போது அவள் தன் புடவை இரண்டை அதில் வைத்தாள். என் சட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

மில்லில் துணியை அவள் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "இது ஒரு மழை தாங்காது" என்றாள். மானேஜருக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. இத்தனை வருஷம் இவளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சாயங்காலம் லாட்ஜுக்கு வந்தோம். கவுன்டரில் இருந்த பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "தனித்தனிக் கட்டில் போட்ட ரூமும் இருக்கு, பெரிய கட்டில் ஒண்ணு போட்ட ரூமும் இருக்கு. எது வேணும்?" என்று கேட்டாள். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. போட்ட கையெழுத்தின் மேலேயே இன்னொரு தடவை பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு போதும்" என்றாள் அவள்.

சாவியையும் அவளே வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் பைகளைத் தூக்கிக்கொண்டேன்.